கையெழுத்து இல்லாத சீட்டு

“கையெழுத்து இல்லாம வெளிய விட முடியாதும்மா.”

அரசு அலுவலக வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவின் பார்வையாளர் சீட்டில், அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

“நான் அதிகாரியைப் பார்க்கவே இல்லையே. ரூம் வாசல்லயே உதவியாளர் மடக்கி, திங்கக்கிழமை வரச் சொல்லிட்டார். பார்க்காதவர்கிட்ட எப்படிக் கையெழுத்து வாங்குறது?”

“அது எனக்குத் தெரியாதும்மா. ரூல்னா ரூல்.”

வரவேற்பு மேசையில் உள்ளே போகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலே நாள். அந்த அம்மா காலையிலேயே அவளிடம் விவரம் சொல்லியிருந்தார். மகளின் வேலைக்கான சான்றிதழில் அதிகாரியின் முத்திரை விழ வேண்டும், இன்றே கடைசி நாள். காரியம் ஆகாமல் திரும்புகிறவரிடம் போய்ச் சட்டம் பேசுகிறாரே இந்த மனுஷர். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான்.

பாவம், விட்டுவிடுங்கள் அண்ணே என்று சொல்லிப் பார்த்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த அம்மாவிடமே பேசினார்.

“உதவியாளர் போட்டா செல்லாது. அதிகாரியே போடணும். அவர் உள்ளதான் இருக்கார். கீழ என்னை வெளிய விடமாட்டேங்கறாங்கன்னு சொல்லுங்க.”

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேறு படுத்துவிட்டது. அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காவலாளியைத் திட்டியபடியே மறுபடி படியேறினார்.

அரை மணி கழித்து இறங்கி வந்தபோது நடையே மாறியிருந்தது. சீட்டைக் காவலாளியின் முன் நீட்டினார்.

“இந்தாங்க உங்க கையெழுத்து. அதைத்தான் கேட்டுப் போனேன். உட்காரச் சொல்லி, என்ன விஷயம்னு விசாரிச்சு, முத்திரையும் குத்திக் குடுத்துட்டார். தங்கமான மனுஷர். நீங்களும்தான் இருக்கீங்களே. புகார் புத்தகம் எங்க?”

காவலாளியே எடுத்துக் கொடுத்தார், பேனாவோடு. அந்த அம்மா நறுக்கென்று நாலு வரி எழுதிவிட்டு, மகளுக்குப் போன் போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே போனார். ஐந்தாவது வரியை நாம் எழுதலாமா என்று வரவேற்புப் பெண்ணுக்குக் கை துறுதுறுத்தது. திட்டு வாங்கியவரோ, விருந்து சாப்பிட்ட முகத்தோடு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

மாலையில், வெளியே போகிறவர்கள் சீட்டைப் போட்டுவிட்டுப் போகும் பெட்டியை முதல்முறையாகத் திறந்தாள். எண்பத்தாறு சீட்டு. ஒவ்வொன்றாக அடுக்கும்போதுதான் கவனித்தாள். மூன்றே மூன்றில்தான் கையெழுத்து இருந்தது.

“என்னண்ணே இது? மத்தவங்களை எல்லாம் எப்படி விட்டீங்க?”

“அந்த ரூலை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. பழைய சீட்டு இன்னும் தீரல. அதான் கட்டம் மட்டும் இருக்கு.”

“அப்போ இந்த மூணு பேர்?”

காவலாளி புகார் புத்தகத்தை அதன் இடத்தில் பத்திரமாக வைத்தார்.

“முகம் தொங்கி இறங்கி வர்றவங்களுக்கு மட்டும் நான் இன்னும் அந்த ரூலை எடுக்கலம்மா.”