தும்மலும் தொட்டிலும்

கல்யாண மண்டபத்தில் இப்போதெல்லாம் எதையும் முன்கூட்டிச் செய்துவைப்பதில்லை. கெட்டிமேளம் கேட்டால்தான் பின்கட்டு இயந்திரம் அடுத்த பொருளைச் சுடச்சுடச் செய்து மேடைக்கு அனுப்பும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசை: தாலி, தொட்டில், பள்ளிக்கூடப் பை.

முகூர்த்தத்துக்கு முன்பே யாரோ தும்மினார்கள். அபசகுனம் காதில் விழக்கூடாதே என்று தவில்காரர் அமிர்தலிங்கத்தின் கை, பழக்கதோஷத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. தாலி வந்தது. ஐயர் சமாளித்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

தாலி கட்டும்போது மறுபடி கெட்டிமேளம். தொட்டில் உருண்டு வந்து நின்றது.

சபையே பெண்ணின் வயிற்றைப் பார்த்தது.

"என்னய்யா இது?" பெண்ணின் அப்பா தவில்காரரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"தாலி கட்டறப்ப வாசிக்காம இருக்க முடியுமாண்ணே?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "ஏன் சம்பந்தி, உங்க பொண்ணு..."

மணமேடையில் இப்படியொரு பேச்சு விழலாமா? அமிர்தலிங்கம் அவசரமாகக் கொட்டினார் கெட்டிமேளம்.

பள்ளிக்கூடப் பை வந்தது, எல்.கே.ஜி. புத்தகங்களோடு.