மூன்றாவது பாட்டின் இரைச்சல்

"எங்கட ராப் அல்பத்தில மூண்டாவது பாட்டுத்தான் திறம்" என்று கொலின்ஸ் அடித்துச் சொல்வான். எங்கள் ஊரான அரிப்பில் வேறு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுடைய வீட்டில் வைத்துக் கசெற்றில் பதிந்தது. தாளமும் பிழை, ஒரே இரைச்சல். கூடப் பாடிய எனக்கே வெட்கம்.

யுத்தம் முடிந்து ஊரில் மீள்குடியேறிய பிறகு வந்த முதல் நத்தார்ப் பண்டிகைக்கு, இடப்பெயர்வில் தப்பிய அந்த ஒரே கசெற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றி, இரைச்சலை எடுத்துவிட்டு, திரும்ப அதிலேயே பதிந்து கொடுத்தேன்.

மூன்றாவது பாட்டை அவன் இரண்டு தரம் கேட்டான்.

"பழசு எங்கையடா?"

"அதுக்கு மேலதான் பதிஞ்சனான். இப்ப உன்ர குரல் மட்டும்தான் கேக்கும்."

"கொம்பியூட்டரில?"

"அழிச்சிட்டன். ஏன்?"

"நடுவில அம்மா குசினிக்குள்ள இருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவ. செல்லடியில அவ செத்தாப்பிறகு, அவவின்ர குரல் அதில மட்டும்தான் இருந்தது."