மண் படாத கால்

விவசாயம் படிக்கும் மாணவர்களில் வருடத்துக்கு ஒருவரைக் கடல் தாண்டிக் கூட்டிப்போய் மண் ஆராய்ச்சி செய்யவைக்கும் உதவித்தொகைத் திட்டத்தை நாரை நடத்திவந்தது. அந்த வருடம் மண்புழு தேர்வானது. தன் வயல் ஏன் இறுகிக்கொண்டே வருகிறது என்று அது எழுதியிருந்த கட்டுரையை நாரை இரண்டு முறை படித்தது.

கிளம்பும் நாளில் நாரை கடைசிப் படிவத்தை நீட்டியது. “பதினாலு நாளா மண்ணைத் தொடலைன்னு கையெழுத்துப் போடுப்பா.”

“நான் மண்ணுக்குள்ளதானே சார் இருக்கேன்?”

“மண்ணோட நோயும் வந்துடும்னு அந்த ஊர்ல விதி. நான் என்ன பண்றது?”

இடம் வீணாகக் கூடாதே என்று, அலுவலகச் சுவரில் இருந்த பல்லியை முதுகில் ஏற்றிக்கொண்டு நாரை பறந்தது.

அடுத்த வருடம் பல்லி, மண் வல்லுநர் என்ற சான்றிதழோடு திரும்பியது. மண்புழு அலுவலக வாசல்வரை ஊர்ந்துவந்து கேட்டது.

“அந்த ஊரு மண்ணு இறுகவே இறுகாதாமே, எப்படிண்ணே?”

“அதை ஏன் கேக்குற! கால்ல மண்ணு ஒட்டியிருந்தா திரும்பக் கூட்டிட்டு வரமாட்டேன்னு நாரை சார் சொல்லிட்டாரு. வருஷம் பூரா நான் சுவத்தை விட்டு இறங்கவே இல்லை.”