திருகன் பார்க்கச் சொன்னது

கடலோரக் கலங்கரை விளக்கத்தில் திருகன் என்றொரு ரோபோ வேலை பார்த்தது. தினமும் ஏணியில் ஏறி, விளக்குக் கண்ணாடியில் படியும் உப்பைத் துடைப்பது அதன் வேலை. கீழே கொட்டகையில் ஒரு காலவண்டி நின்றது. அது அடுத்த வருடத்துக்குப் போய்த் திரும்பக்கூடியது.

“அடுத்த வருஷம் நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வாயேன்,” என்றது திருகன்.

வண்டி போய் வந்தது. “நீ இல்லையப்பா. ஏணிக்கடியில் உன் கை மட்டும் கிடந்தது.”

அன்றிலிருந்து திருகன் ஏணிப் பக்கமே போகவில்லை. கரையில் சிப்பி பொறுக்கியது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. “இன்னொரு தடவை பாரேன்.”

“இப்போதும் இல்லை. உன் கால் ஒன்று அலையில் உருண்டுகொண்டிருந்தது.”

திருகன் கொட்டகை மூலைக்கு ஓடி, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

“விளக்கு மங்கிவிட்டது. படகுக்காரர்கள் வழி தெரியாமல் கத்துகிறார்கள். இரும்புக்கு இவ்வளவு பயமா?” என்றது வண்டி.

“உனக்கென்ன, கையா காலா உதிர்வதற்கு? போய்ப் பார்.”

இந்தத் தடவை வண்டி வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

“இருக்கிறாய். இதே மூலையில், இதே தார்ப்பாய்க்குள். எவ்வளவு கூப்பிட்டும் நீ பேசவில்லை. தட்டிப் பார்த்தேன், துரு கொட்டியது.”

“கை, கால்?”

“எல்லாம் அப்படியே இருந்தது.”

“அப்பாடா,” என்று திருகன் தார்ப்பாயைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டது.