ஞாயிறு இரண்டு மணி

யெல்லே கதவைத் தட்டத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே அப்பா வோல்ட்டர், தொண்ணூற்றொரு வயது, மடியில் கிடந்த சாம்பல் நிறப் பூனையைத் தடவிக்கொண்டிருந்தார். பூனை சுகமாகக் ‘குர்ர்’ என்றது. அதன் வயிற்றில் பேட்டரி இருந்தது.

நெதர்லாந்தில், என்ஸ்கெடே நகரின் அந்த முதியோர் இல்லத்துக்கு இந்தப் பூனைகள் வந்து இறங்கியபோது, தன் அப்பாவின் அறைக்குள் ஒன்றுகூட நுழையக் கூடாது என்று நான்கு பக்கக் கடிதம் எழுதியவர் யெல்லே. அடிக்குறிப்புகளோடு.

தொழில்நுட்பத்தின் அறம்தான் அவருடைய பிழைப்பு. முப்பது வருடம் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். மூன்று புத்தகங்கள். மூன்றையும் முழுதாகப் படித்தவர் பிழை திருத்தியவர் ஒருவர்தான். அவருக்குச் சம்பளம் உண்டு. மூன்றும் சொன்னது ஒன்றே: உயிரில்லாததை உயிருள்ளதாகக் காட்டி முதியவர்களை ஏமாற்றக் கூடாது.

வரும் வெள்ளிக்கிழமை அவருடைய பணி ஓய்வு உரை. தலைப்பு, ‘ஏமாற்றப்படாமல் இருக்கும் உரிமை’. முதல் வரிசையில் அப்பாவுக்கு நாற்காலி. அழைப்பிதழைக் கையில் கொடுக்கும் ஆசையில், ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்திருந்தார்: சொல்லாமல் கொள்ளாமல், ஒரு புதன்கிழமை வந்திருந்தார். மற்றபடி அப்பாவும் மகனும் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டுதான் சந்திப்பார்கள். ஞாயிறு இரண்டு மணி. ஒரு காப்பி, ஒரே ஒரு பிஸ்கட்.

உள்ளே போய்ப் பூனையைப் பிடுங்க வேண்டியதுதான். வாதங்கள் வரிசையாக வந்து நின்றன.

அப்போது அப்பா பூனையிடம் பேசினார்.

“நீ பொம்மைன்னு எனக்குத் தெரியாதாடி? அவன்கிட்ட மட்டும் காட்டிக்குடுத்துடாதே. பாவம், இதைச் சொல்லியே முப்பது வருஷம் பொழச்சுட்டான்.”

யெல்லே ஓசைப்படாமல் படியிறங்கினார்.

கீழே சைக்கிள் கொட்டகையில் நின்று அப்பாவை போனில் அழைத்து, அரை மணி நேரத்தில் வரலாமா என்று கேட்டார். நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு வரச் சொன்னார்.

மழையில் கொட்டகை ஒழுகியது. அரை மணி நேரமும் அங்கேயே நின்றார்.

மேலே போனபோது அப்பாவின் மடி காலியாக இருந்தது. கால்சட்டையில் மட்டும் சாம்பல் நிற மயிர். காப்பி வந்தது. பிஸ்கட் வந்தது.

அழைப்பிதழை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்டார்.

துணி அலமாரிக்குள்ளிருந்து மெல்ல ஒரு ‘மியாவ்’.

அப்பா பலமாக இருமினார்.

யெல்லே வெறுங்கையை வெளியே எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, அதைவிடப் பலமாக இருமினார்.