நாட்டுக்கெல்லாம் ஒரே கேள்வித்தாள்

"கேள்வியும் நீங்களே எழுதுறீங்க, திருத்துறதும் நீங்களே, மார்க் போடுறதும் நீங்களே. வேண்டியவங்க பிள்ளைக்குத் தகுந்த மாதிரி கேள்வி வைக்கிறீங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

பெற்றோர் கூட்டத்தில் லாண்டரிக்காரம்மா எழுந்து நின்று கேட்டதும் ஹாலே அறிவியல் டீச்சர் பக்கம் திரும்பியது.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தீங்களா, பதில் வரல!"

கைதட்டல் காதைப் பிளந்தது. பின்வரிசையில் யாரோ விசில்கூட அடித்தார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வாரியம், ஒரே கேள்வித்தாள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வேண்டுமா, வேண்டாமா என்று பெற்றோரைக் கேட்டுச் சொல்லும்படி எல்லாப் பள்ளிகளுக்கும் உத்தரவு வந்திருந்தது. லாண்டரிக்காரம்மா, துணி போட வந்தவர்களிடமெல்லாம் பேசிப் பேசியே பாதித் தெருவைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள்.

அவள் வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிச் செயலாளரின் பேரன் புத்தகத்தைத் தொடாமலே மார்க்காக அள்ளுகிறான். அவள் மகளோ அறிவியலில் எப்போது பார்த்தாலும் தட்டுத் தடுமாறிப் பாஸ். அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ. அவ்வளவுதான்.

"வேணும்னே அமுக்குறாங்க. லாண்டரிக்காரி மகதானேன்னு இளக்காரம்!" என்று இஸ்திரிப் பெட்டியை நங்கென்று வைத்தாள்.

"அவ படிக்கிறதே கொஞ்சம் மெதுவாத்தான். கேள்வியை எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுது, பாவம்," என்றார் புருஷன், சட்டைக்குப் பட்டன் தைத்தபடி.

"ஆமா, நீங்களே மட்டம் தட்டுங்க! யாரு பெத்த பிள்ளைன்னு தெரியாத ஒருத்தர் எங்கயோ உக்காந்து திருத்தட்டும். அப்பத் தெரியும், என் பொண்ணு யாருன்னு."

வெள்ளைத் துணியையும் கலர்த் துணியையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த வெள்ளைச் சட்டையைக் கலர்த் துணிக் குவியலில் போட்டாள்.

நாட்டுக்கெல்லாம் ஒரே தேர்வு வந்தே விட்டது.

ரிசல்ட் அன்று செயலாளரின் பேரன் சாயம் வெளுத்தது. மரக்கடை வாட்ச்மேனின் மகள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். "நீ கேட்டது நூத்துக்கு நூறு சரிம்மா," என்று தெருவே வந்து லாண்டரிக்காரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது.

அவள் காதில் எதுவும் விழவில்லை. மகளுக்கு அறிவியலில் ஒற்றை இலக்கம்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.

டீச்சர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா என்னத்தைச் சொல்லிக் குடுத்தீங்க? வெளிய இருந்து ஒரு பேப்பர் வந்ததும் என் பொண்ணு கவுந்துட்டாளே! இதுதான் உங்க பாடமா?"

டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். முகம் வாடிப் போயிருந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா. வேற மாதிரி கேள்விக்கும் இவளைப் பழக்கியிருக்கணும். நாளையிலருந்து சாயங்காலம் இங்க அனுப்புங்க. மறு தேர்வுக்குள்ள கூட உக்காந்து..."

"உங்ககிட்டயா? போதும் சாமி. நீங்க கெடுத்தது போதும்!"

டீச்சர் நிமிர்ந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். மறுபடி தண்ணீர்க் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்துவிட்டார்.

பள்ளி வாசலைத் தாண்டியதும் மகள் நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது.

"டீச்சரைத் திட்டாதம்மா."

"திட்டாம? கொஞ்சச் சொல்றியா?"

"அந்தப் பேப்பர்ல என்னோட கேள்வி வரலம்மா."

"உன்னோட கேள்வியா? அது என்னடி?"

"எல்லாப் பரீட்சையிலயும் கடைசியில ரெண்டு பெரிய கேள்வி இருக்கும். ஏதாவது ஒண்ணு எழுதணும். மத்தவங்க எல்லாரும் முதல் கேள்வியை எழுதுவாங்க. ரெண்டாவது... வெள்ளைச் சட்டையில பட்ட துருக்கறையை எலுமிச்சம்பழம் எப்படி எடுக்குது, எண்ணெய்க் கறை ஏன் வெறும் தண்ணியில போகாது, அந்த மாதிரி இருக்கும். நம்ம கடையில பாக்கறதுதானே. பாதி படிச்சதுமே புரிஞ்சிடும். நான் ஒருத்திதான் எழுதுவேன். அதுலதாம்மா இத்தனை நாளும் பாஸானேன்."

லாண்டரிக்காரம்மா மகளின் கையை விட்டாள். பள்ளி வாசலை அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்குக் கூட்டத்துல அத்தனை பேர் நடுவுல நிக்க வச்சுக் கேட்டேனே..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். "யாருக்காகக் கேள்வி வச்சாங்கன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி உங்க டீச்சர்!"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எப்படிம்மா சொல்வாங்க? அத்தனை பேர் நடுவுல என் பேரைச் சொல்லணுமே!"