மூன்றாவது துண்டு

சனிக்கிழமை மதியம் அம்மாவைக் குளிக்க வைப்பது வேராவுக்குப் பெரும்பாடு. தண்ணீரைக் கண்டாலே அம்மா மான்னி கதவைப் பிடித்துக்கொள்வாள். பெற்ற மகளின் பெயரே அவளுக்கு மறந்துபோயிற்று. பாட்டு மட்டும் மறக்கவில்லை. அவர்களுடைய சேத்தோ இனத்துப் பெண்கள் பாடும்போது ஒருத்தி வரியை எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அவர்களுக்கு மேலே ஒரே ஒருத்தி உச்சக்குரலில் போவாள்.

நீராவிக் குளியலறையில் வேரா வரியை எடுத்தாள்: "சட்டையைக் கழற்று, சனிக்கிழமை வந்தாச்சு."

மான்னி திருப்பிப் பாடினாள். பாடியபடியே பொத்தான்களையும் கழற்றினாள். தலைக்குச் சோப்புப் போடும்போதுதான் பாட்டை நிறுத்தினாள்.

"மேல்குரல் எங்கடி?"

"நாம ரெண்டு பேர்தானேம்மா இருக்கோம்." வேரா தானே முயன்று பார்த்தாள். குரல் உடைந்தது.

"கதவு கிறீச்சிடுற மாதிரி இருக்கு. நீ வரிய மட்டும் எடு. ஓக்சி வருவா."

ஓக்சி சித்தியைப் புதைத்து ஒன்பது வருடமாகிறது. அதற்காக அம்மாவைச் சோப்பு நுரையோடு விட்டுவிட முடியுமா? வேரா அடுத்த வரியை எடுத்தாள்: "கண்ணை மூடிக்கோ, தண்ணீர் வருது."

அம்மா திருப்பிப் பாடினாள். யாரும் உட்காராத மேல்பலகையிலிருந்து ஓர் உச்சக்குரல் சேர்ந்துகொண்டது.

வேரா நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டு நின்றால் அம்மா எழுந்துவிடுவாள். கடைசிக் குவளைத் தண்ணீரை ஊற்றும்வரை வரிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று துண்டுகளை எடுத்து வைத்தாள். துவைக்கப் போடும்போது மூன்றும் ஈரமாக இருந்தன.